ஆகாயத்திற்கு வேலி

டில்லிக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், பூகோள புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சுமார் 6,700 கிலோமீட்டர் என்று விடை சொல்லிவிடுவான். பிரயாணி விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்பதையும் அவனுக்குச் சொன்னால், ஏழரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கணக்கும் போட்டுவிடுவான். பிள்ளையின் கணக்கில் பிழையில்லை. ஆயினும் அந்தக் கணக்கின்படி எந்த விமானமும் போய்ச் சேருவதில்லை. அதனினும் பெரிய விந்தை ஒன்று உண்டு. 2025-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி பாக்கிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. அன்று முதல், டில்லியிலிருந்து ஒரே காலைப் பொழுதில் லண்டனுக்குப் புறப்படும் இரண்டு விமானங்களில், இந்திய விமானத்துக்கு ஒரு தூரமும் அந்நிய நாட்டு விமானத்துக்கு வேறொரு தூரமும் ஏற்பட்டன. ஊர் இரண்டும் அவைதாம், பூமியும் அதுதான். விமானத்தின் வாலில் எழுதப்பட்ட பெயர் மட்டுமே வேறு.

இதை விமானக் கம்பெனிகளின் வியாபாரத் தொல்லை என்று எண்ணி அலட்சியம் செய்வது தவறு. இரண்டு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் பூமி தந்த அளவு மட்டுமன்று. இராஜ்யங்கள் ஒன்றோடொன்று கொண்டிருக்கும் உறவின் அளவுமாகும். உறவு செம்மையாக இருந்தால் தூரம் சுருங்குகிறது; உறவு கெட்டால் தூரம் நீளுகிறது. நீண்ட தூரத்துக்குக் கூலி கொடுப்பவர்கள், உறவைக் கெடுத்தவர்கள் அல்ல. படிக்கப் போகும் மாணவனும், வைத்தியத்துக்கு வரும் நோயாளியும், பிழைப்புக்காகக் கடல் கடந்த தொழிலாளியுமே. ஆகையால் இவ்விஷயத்தைப் பொது ஜனங்கள் நன்றாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

முதலில் இயற்கையின் பங்கைப் பிரித்துவிடுவோம். பூமி உருண்டையானது, அதன் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே உலகில் எந்த இரண்டு ஊர்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் கோல் வைத்து அளப்பது மெய்யான தூரமாகாது. ஒரு பூகோள உருண்டையின்மேல் இரண்டு ஊர்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால், நூல் படியும் வழியே மிகக் குறுகிய வழி. டில்லியிலிருந்து லண்டனுக்கு அவ்வாறு நூலைப் பிடித்தால், அது பாக்கிஸ்தானத்தின் மீதும், ஆப்கானிஸ்தானத்தின் மீதும், மத்திய ஆசியாவின் மீதும் ஏறி, தென் ருஷ்யாவைத் தாண்டி, ஐரோப்பாவில் இறங்கும். அடுத்து, காற்று. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மத்திய ரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங் காற்று ஓடுகிறது. மேற்கே செல்லும் விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும். கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிக்கொண்டு வரும். டில்லியிலிருந்து லண்டனுக்குப் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்றின் மகிமையைக் காட்ட ஒரு திருஷ்டாந்தம் போதும். டில்லிக்கும் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கும் நேர் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியா 2015-ம் வருஷம் டிஸம்பரில் இவ்விரண்டு நகரங்களுக்கும் இடையே நில்லாமற் செல்லும் விமானத்தை ஏற்படுத்தியபோது, அது மேற்கு முகமாக அட்லாண்டிக் வழியே சுமார் 13,900 கிலோமீட்டர் சென்றது. 2016 அக்டோபரில் அதே விமானத்தைக் கிழக்கு முகமாகப் பஸிபிக் வழியே திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராக வளர்ந்தது. ஆனால் பின்காற்றின் உதவியால் நேரமோ குறைந்து பதினாலரை மணியாயிற்று. வழி நீண்டது, காலம் குறுகியது. இயற்கையோடு ஒத்துப் போகிறவனுக்கு அது சலுகை தருகிறது. மலையும் அப்படித்தான். திபேத்தின் மேட்டு நிலத்துக்கு மேலே விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பிரயாணிகள் சுவாசிக்கத் தக்க உயரத்துக்கு உடனே இறங்க இடமில்லை. ஆனபடியால் விமானிகள் பெரும்பாலும் அதை ஒதுக்கியே செல்கிறார்கள். இவையெல்லாம் கணக்கிட்டுச் சமாளிக்கக்கூடிய இடையூறுகள். காற்றுக்கும் மலைக்கும் பகைமை கிடையாது. மனிதன் போட்ட வேலி அத்தகையதன்று.

அந்த வேலி புதிதுமன்று. 1919-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி ராஸ் ஸ்மித்தும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் கிளம்பி, கராச்சி, டில்லி, கல்கத்தா வழியாகப் பறந்து, டிஸம்பர் 10-ந் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார்கள். இருபத்தெட்டு நாட்களில் பூமியின் பாதியைக் கடந்ததைக் கண்டு உலகம் பிரமித்தது. இனி, ஆகாயத்தில் எல்லைக் கல் ஏது, சுங்கச் சாவடி ஏது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அதே 1919-ல் பாரிஸில் கூடிய இராஜ்யங்கள், தத்தம் பூமிக்கு மேலுள்ள வானமும் தத்தமக்கே சொந்தம் என்று உடன்படிக்கை எழுதிவிட்டன. விமானம் பறக்கக் கற்றுக்கொண்ட காலத்திலேயே வேலியும் முளைத்துவிட்டது.

அந்த வேலியின் முதல் ருசியை அறிந்தது, அக்காலத்தில் நம்மை அடக்கி ஆண்ட பிரிட்டிஷ் ஏகாதிபத்தியமே. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு விமானத் தபால் நடத்த இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி விரும்பியது. 1927-ல் கெய்ரோவிலிருந்து பஸ்ரா வரையில் வழி ஏற்பட்டது. அதற்கு அப்பால் பாரஸீகக் கரை. பாரஸீக சர்க்கார் அனுமதி தரவில்லை. கடலையெல்லாம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட வல்லரசின் விமானம் பஸ்ராவில் நின்றுவிட்டது. பேரம் முடிந்த பிறகே, 1929 மார்ச்சு 30-ந் தேதி லண்டன்–கராச்சி விமானம் கிளம்பிற்று. பிரயாணம் ஒரு வாரம் பிடித்தது. அதிலும், ஐரோப்பாவின் நடுவே பாஸல் நகரிலிருந்து ஜெனோவா வரையில் பிரயாணிகளை ரயிலில் ஏற்றித்தான் அனுப்பினார்கள். பாரஸீகம் தந்த அனுமதியும் நிலைக்கவில்லை. 1932-ல் விமான மார்க்கம் பாரஸீகக் கரையை விட்டு, வளைகுடாவின் எதிர்க்கரைக்கு, அராபியப் பக்கமாக மாற நேர்ந்தது. ஷார்ஜா என்ற சிறு ஊரில் பிரயாணிகள் இராத் தங்குவதற்குக் கோட்டை போன்ற ஒரு விடுதி கட்டப்பட்டது.

சரித்திரத்தின் வேடிக்கையை இங்கே கவனிக்க வேண்டும். பாரஸீகம் கதவைச் சாத்திற்று; அராபியக் கரை கதவைத் திறந்தது. அன்று இந்தியாவுக்குப் போகிறவர்கள் இளைப்பாறும் சாவடியாயிருந்த அக்கரை, இன்று உலகத்தின் பெரிய விமானச் சந்தையாக விளங்குகிறது. ஷார்ஜாவின் அண்டை ஊரான துபாயில் 1985-ல் பிறந்த எமிரேட்ஸ் கம்பெனியின் முதல் விமானம் அவ்வருஷம் அக்டோபர் 25-ந் தேதி கராச்சிக்குத்தான் பறந்தது. நம்முடைய ஜனங்களில் எத்தனையோ பேர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லத் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஏறுகிறார்கள். நாமோ, 1948 ஜூன் 8-ந் தேதியே, சுதந்திரம் வந்து ஓராண்டு நிறைவதற்கு முன்பே, பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு நம்முடைய சொந்த விமானத்தை அனுப்பினோம். முந்திக் கிளம்பியவர்கள் பிந்தியதற்குப் பல காரணங்கள் உண்டு. வழியைத் திறந்து வைத்திருக்கும் கலையில் நாம் போதிய சிரத்தை காட்டாதது அவற்றில் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1944-ம் வருஷம் டிஸம்பர் 7-ந் தேதி சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்றைக்கும் உலக விமானப் போக்குவரத்துக்கு மூல சாஸனம். அதன் முதல் ஷரத்தே, ஒவ்வொரு இராஜ்யத்துக்கும் தன் பிரதேசத்தின் மேலுள்ள வானத்தில் பூரணமான, தனிப்பட்ட ஆதிபத்தியம் உண்டு என்று கூறுகிறது. அத்துடன் கூட ஏற்பட்ட வேறொரு உடன்படிக்கை, அதை ஒப்புக்கொண்ட நாடுகளின் விமானங்கள் ஒன்றின் வானத்தில் மற்றொன்று இறங்காமற் கடந்து செல்லவும், எரியெண்ணெய் முதலியவற்றுக்காக மட்டும் இறங்கவும் உரிமை தருகிறது. இந்தியா, பாக்கிஸ்தான் இரண்டும் அதில் சேர்ந்தவை. சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாவது ஷரத்து இன்னும் கவனிக்கத்தக்கது. இராணுவ அவசியத்துக்காகவோ பொது ஜனப் பாதுகாப்புக்காகவோ ஓர் இராஜ்யம் சில இடங்களின்மீது பறப்பதைத் தடுக்கலாம். நெருக்கடி வேளையில் தற்காலிகமாக வானம் முழுவதையுமே மூடலாம். ஆனால் அவ்வாறு மூடும்போது, வருகிற விமானம் எந்தத் தேசத்தது என்று பார்த்துப் பேதம் செய்யலாகாது. யுத்தம் மூண்டாலும், தேசிய நெருக்கடி என்று முறைப்படி அறிவித்தாலும் இக்கட்டுப்பாடு விலகும் என்பது எண்பத்தொன்பதாவது ஷரத்து. ஒரே ஒரு தேசத்தின் விமானத்தை மட்டும் மாதக்கணக்கில் தடுப்பது இவ்விரண்டு ஷரத்துகளுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கலாம். கேட்டால், 2025 ஏப்ரல் 30-ந் தேதி பாக்கிஸ்தான் விமானங்களுக்குத் தடை விதித்த நாமும் அதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டிவரும்.

இந்த ஆயுதத்தை முதலில் பலமாகப் பிரயோகித்தவர்கள் நாமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1971 ஜனவரி 30-ந் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற ‘கங்கா’ என்ற நம் விமானத்தை இருவர் லாகூருக்குக் கடத்திச் சென்றார்கள். பிப்ரவரி 2-ந் தேதி அது அங்கே கொளுத்தப்பட்டது. பிப்ரவரி 4-ந் தேதி இந்திய சர்க்கார் பாக்கிஸ்தான் விமானங்கள் நம் வானத்தைக் கடக்கலாகாது என்று உத்தரவிட்டார்கள். அப்போது பாக்கிஸ்தான் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இந்திய பூமியை நடுவில் வைத்து இரண்டு துண்டாக இருந்தது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் நேர் தூரம் சுமார் 2,400 கிலோமீட்டர். தடைக்குப் பின்பு அவர்களுடைய விமானங்கள் தென்முனையைச் சுற்றிக் கொழும்பு வழியாகச் செல்ல நேர்ந்தது. தூரம் ஏறக்குறைய இரட்டித்தது. ஒரே தேசத்தின் இரண்டு நகரங்கள் ஓர் உத்தரவால் எட்டாத் தொலைவாகிவிட்டன. அவ்வருஷம் டிஸம்பரில் அத்தேசம் ஒன்றாக இல்லாமலே போயிற்று. பிரிவினைக்குக் காரணம் வங்காளிகள்மீது இழைக்கப்பட்ட கொடுமையே. எனினும் துண்டுபட்ட தேசத்துக்கு ஆகாயம் எத்தனை இன்றியமையாதது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

பாக்கிஸ்தான் இவ்வழக்கை மாண்ட்ரீலிலுள்ள சர்வதேச விமான ஸ்தாபனத்தின் கவுன்ஸிலுக்குக் கொண்டு சென்றது. கவுன்ஸிலுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிஸ்தலத்தில் அப்பீல் செய்தது. 1972 ஆகஸ்டு 18-ந் தேதி நீதிஸ்தலம், கவுன்ஸிலுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மூல விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பது அதில் தீர்மானிக்கப்படவில்லை. கடைசியில் இரு தேசங்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு, 1976-ல்தான் விமானங்கள் மீண்டும் எல்லை கடந்தன. ஐந்து வருஷம் கழிந்தது. வழக்கு முடிவு காணவில்லை. பேச்சு முடிவு கண்டது. இதிலுள்ள படிப்பினை எளிது. வேலி போட ஒரு நிமிஷம் போதும். எடுப்பதற்கு வருஷங்கள் வேண்டும். கோர்ட்டின் படியேறுவது வேலியை விரைவில் நீக்கும் உபாயமன்று.

1971-ல் பூகோளம் நம் பக்கம் இருந்தது. இப்போது அது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. நம் விமானங்களில் பெருவாரியானவை மேற்கே அராபியா, ஐரோப்பா, அமெரிக்கா நோக்கிச் செல்கின்றன. பாக்கிஸ்தானிலிருந்து கிழக்கே நம் வானத்தைக் கடந்து செல்லும் அவர்களுடைய சொந்த விமானங்களோ மிகச் சில. ஆகவே இரு தரப்பிலும் ஒரே நீளமுள்ள கத்தியை உருவினாலும், வெட்டு ஒரே ஆழமாக விழுவதில்லை. 2019 பிப்ரவரியில் பாலாகோட் சம்பவத்துக்குப் பின் பாக்கிஸ்தான் தன் வானத்தை மூடி, ஜூலை 16-ந் தேதிதான் திறந்தது. அக்காலத்தில் நம்முடைய நான்கு விமானக் கம்பெனிகளுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 549 கோடி ரூபாய் என்றும், அதில் ஏர் இந்தியாவின் பங்கு மட்டும் 491 கோடி என்றும் மந்திரி ராஜ்ய சபையில் தெரிவித்தார். அன்று ஏர் இந்தியா சர்க்காருடைய சொத்து. ஆகவே அந்த 491 கோடியும் வரி கொடுப்போரின் பணம். டில்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரே பறந்துகொண்டிருந்த இண்டிகோ விமானம் தோஹாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயிற்று.

2025 ஏப்ரல் 22-ந் தேதி பஹல்காமில் இருபத்தாறு பேர் கொல்லப்பட்ட கொடுஞ் செயலுக்குப் பிறகு, அதே நாடகம் மறுபடியும் ஆரம்பமாயிற்று. வட இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் நம் விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக் கடலின் வழியாகச் சுற்றின. பிரயாண நேரம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரையில் கூடிற்று. அமெரிக்காவுக்குச் செல்லும் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எண்ணெய் பிடித்தன. டில்லி–வாஷிங்டன் விமானத்தை 2025 ஸெப்டம்பர் 1-ந் தேதி முதல் ஏர் இந்தியா நிறுத்திவிட்டது. விமானங்களைப் புதுப்பிக்கும் வேலையால் ஏற்பட்ட பற்றாக்குறையுடன், மூடிய வானத்தையும் அதற்குக் காரணமாகச் சொல்லிற்று. எல்லாவற்றிலும் நம் மனத்தைத் தைப்பது தாஷ்கண்டின் கதை. டில்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேர் தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். சென்னைக்கு உள்ள தூரத்தைவிடக் குறைவு. ஆயினும் சுற்றிப் போகும் வழி தன் சிறு விமானங்களுக்கு எட்டாது என்று கண்ட இண்டிகோ, ஏப்ரல் மாத இறுதியில் அந்நகருக்குச் செல்வதை நிறுத்திவைத்தது. 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் இரு நாடுகளின் சமாதானத்துக்காகக் கையெழுத்திட்ட அதே தாஷ்கண்டு!

நஷ்டம் நமக்கு மட்டுமன்று. வானத்தைக் கடக்கும் விமானங்களிடம் வாங்கும் கட்டணம் ஒவ்வொரு தேசத்துக்கும் வருமானம். ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரையில் தங்களுக்கு அவ்வகையில் 410 கோடி பாக்கிஸ்தான் ரூபாய் குறைந்ததாக அந்நாட்டுச் சர்க்காரே தங்கள் தேசிய சபையில் ஒப்புக்கொண்டார்கள். தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்யும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. இலாபம் அடைந்தவர்கள் மூன்றாம் மனிதர்கள். நம் விமானத்தில் ஏறினால் ஒரு மணி அதிகம் ஆகும், சீட்டு விலையும் கூடும் என்றால், பிரயாணி வேறு நாட்டு விமானத்தில் ஏறுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. தேச பக்தியை ஒருவனிடம் எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு பிரயாணத்திலும் அதற்குத் தண்டம் கட்டும்படி எதிர்பார்ப்பது நியாயமன்று.

மாற்று வழி இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதற்கும் இடமில்லை. 2025 ஜூன் 13-ந் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியவுடன் ஈரானின் வானமும் மூடப்பட்டது. பாக்கிஸ்தான் வாசல் அடைபட்டதால் ஈரான் வாசலை நம்பியிருந்த நம் விமானங்கள் பாதி வழியில் திரும்பின. பல வேறு ஊர்களில் இறங்கின. ஜூன் 23-ந் தேதி கத்தாரும் சில மணி நேரம் தன் வானத்தைச் சாத்திற்று. உக்ரேன் வானமோ, ருஷ்யப் படை உள்ளே புகுந்த 2022 பிப்ரவரி 24-ந் தேதியே மூடப்பட்டுவிட்டது. நாம் முன்னே இழுத்துப் பிடித்த நூலை மறுபடியும் எண்ணிப் பார்த்தால், டில்லிக்கும் லண்டனுக்கும் இடையே எத்தனை முடிச்சுகள் விழக்கூடும் என்பது விளங்கும்.

பிறர் கதையும் இதுவே. ஐரோப்பிய தேசங்களும் ருஷ்யாவும் 2022-ல் ஒருவர்மீதொருவர் வானத்தை மூடியபோது, ஹெல்ஸிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணியளவில் சென்ற பின்லாந்து விமானம் வட துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க நேர்ந்தது. ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி தன்னுடையது என்று விளம்பரம் செய்து வாழ்ந்த கம்பெனி, ஒரே வாரத்தில் அந்தப் பெருமையை இழந்தது. நமக்கு ருஷ்ய வானம் அடைபடவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இல்லாத அந்தச் சௌகரியம் ஏர் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆனால் சௌகரியத்திலும் ஒரு கண்டம் இருந்தது. 2023 ஜூன் 6-ந் தேதி டில்லியிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்ற நம் விமானம் இயந்திரக் கோளாறினால் ருஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதான் என்ற ஊரில் இறங்கிற்று. வேறு விமானம் வந்து ஏற்றிச் செல்லும் வரையில் பிரயாணிகள் இரண்டு நாள் அங்கே தவித்தார்கள். பிறர் வானத்தில் நாம் பெறும் சலுகை நமக்குச் சொந்தமான சொத்தன்று. அது பிறர் தயவு. தயவு எந்த நாளும் மாறலாம்.

இவ்வளவும் கூறியதும், நம்மை நோக்கி இரண்டு ஆட்சேபங்கள் எழும்பும். ஒன்று: நிராயுதபாணிகளைக் கொன்றவர்களுக்கு இடங்கொடுக்கும் தேசத்தோடு விமான மார்க்கத்தைப் பற்றிப் பேசுவது மானக் குறைவல்லவா என்பது. நாம் அப்படி நினைக்கவில்லை. குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும். அதில் தளர்ச்சி கூடாது. ஆனால் லண்டனுக்குப் போகும் விமானம் ஒரு மணி தாமதமாகப் போவதால் எந்தக் கொலையாளியும் தண்டனை அடைவதில்லை. 1960-ல் ஏற்பட்ட சிந்து நதி உடன்படிக்கை இரண்டு பெரிய யுத்தங்களையும் கடந்து நின்றது. அதையும் நிறுத்திவைப்பதாக இந்தியா 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டபடியால், இரு நாடுகளுக்குமிடையே மிஞ்சியுள்ள இழைகள் மிகச் சில. விரோதம் எவ்வளவு முற்றினாலும் சில விஷயங்களை அதற்குப் புறம்பாக வைப்பது பலவீனமன்று, நிதானம். நிதானம் உள்ளவனே நீண்ட போராட்டத்தில் நிலைப்பான்.

இரண்டாவது ஆட்சேபம்: ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 முதல் டாட்டா கம்பெனியின் சொத்தாகிவிட்டது, இண்டிகோவும் தனி முதலாளிகளுடையது, அவர்கள் நஷ்டத்துக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது. முதலாளிகளின் இலாபத்துக்காக வாதாட நமக்கு வேலையில்லை. ஆனால் சுற்று வழியில் எரியும் எண்ணெய்க்கான பணம் முதலாளியின் பெட்டியிலிருந்து மட்டும் போவதில்லை. அது சீட்டு விலையில் ஏறுகிறது. சீட்டு வாங்குகிறவர்கள் நம் ஜனங்கள். மேலும், இந்திய விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனால், கடைசியில் நம் பிரயாணிகள் முழுக்க அந்நியர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். சொந்தக் கப்பலை இழந்த தேசம் என்ன கதி அடையும் என்பதைத் தூத்துக்குடி ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியது வெறும் வியாபாரத்துக்காக அன்று. வழியே பிறன் வசமானால் வாழ்வும் பிறன் வசமாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கடலுக்குச் சொன்ன அந்த நியாயம் ஆகாயத்துக்கும் பொருந்தும்.

ஆகவே செய்யத் தக்கது என்ன? முதலாவது, பிரயாணி விமானங்களுக்கு மட்டும் பரஸ்பரம் வானத்தைத் திறந்துவைக்கும்படி, நட்பு நாடு ஒன்றின் மூலமாகவோ மாண்ட்ரீல் ஸ்தாபனத்தின் மூலமாகவோ, இந்தியாவே முன்வந்து பேச வேண்டும். அதிக நஷ்டம் அடைகிறவன் முதலில் பேசுவது தோல்வியன்று, புத்திசாலித்தனம். 1976-ல் அது முடிந்தது; மீண்டும் முடியாதென்பதில்லை. இரண்டாவது, இந்தத் தடையால் எவ்வளவு நேரமும் எவ்வளவு பணமும் விரயமாகின்றன என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்லிமெண்டில் வைக்க வேண்டும். தேச நலனுக்காக ஜனங்கள் சுமக்க வேண்டிய பாரமாயின், அதன் எடையை அவர்கள் அறிய உரிமை உண்டு. மூன்றாவது, ஒரு வாசலையே நம்பியிராமல், பல வாசல்களைத் தேடிக்கொள்ள வேண்டும். 2020 முதல் ஐந்து வருஷ காலம் இந்தியாவுக்கும் சீனத்தின் பெருநிலத்துக்கும் நேர் விமானமே இல்லாதிருந்தது. நம் வியாபாரிகள் ஹாங்காங், ஸிங்கப்பூர், பாங்காக் என்று சுற்றினார்கள். 2025 அக்டோபர் 26-ந் தேதி கல்கத்தாவிலிருந்து, காண்டன் என்று நாம் பழைய நாளில் அறிந்த குவாங்சௌவுக்கு விமானம் மீண்டும் கிளம்பிற்று. எல்லையில் படைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த தேசத்தோடு இது சாத்தியமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

தென்னாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை, பெங்களூர், கொச்சி முதலிய ஊர்களிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக் கடலின்மேல் செல்வது இயல்பு. ஆகையால் பாக்கிஸ்தான் வாசல் மூடியதால் அவற்றுக்கு நேரும் இடைஞ்சல், டில்லிக்கும் அமிருதஸரஸுக்கும் நேர்வதைவிடக் குறைவு. இது பூகோளம் தெற்குக்கு அளித்துள்ள ஓர் அனுகூலம். நீண்ட தூர விமானங்களையெல்லாம் வடக்கிலேயே குவித்து வைத்து, அங்கே ஒரு கதவு அடைபட்டதும் தேசம் முழுவதும் திகைத்து நிற்பது விவேகமாகாது. தென்னாட்டு நகரங்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நேர் விமானங்களை இந்தியக் கம்பெனிகள் அதிகப்படுத்தினால், அது பிராந்தியச் சலுகையன்று. தேசத்துக்கே ஒரு காப்பு.

பூமியின் சுற்றளவை மனிதன் மாற்ற முடியாது. காற்றின் திசையையும் அவன் மாற்ற முடியாது. அவன் கட்டிய வேலியை அவன்தான் எடுக்க வேண்டும். சுதந்திரம் பெற்ற தேசத்தின் வானத்துக்கு அதுவே எஜமான் என்பது நாம் போராடிப் பெற்ற உரிமை; அதை ஒருகாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் கதவுக்கு உடையவன் என்பதற்கு அடையாளம் அதை எப்போதும் சாத்திவைப்பதன்று. எப்போது திறப்பது என்பதை அறிந்திருப்பதே. டில்லியிலிருந்து லண்டனுக்கு எல்லா விமானங்களுக்கும் ஒரே தூரம் என்ற நிலைமையை மறுபடியும் உண்டாக்குவது இந்திய சர்க்காரின் கடமை. அந்தப் பேச்சைத் தொடங்க நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.